ஹாலேயில் இரண்டு நாள்: தமிழ் ஓலைகள் இருக்கும் ஜெர்மன் ஆற்றங்கரை நகரத்துக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மனிக்குச் சுற்றுலா வரும் நம்மவர்கள் கொலோன், ஹைடல்பெர்க், மியூனிக் என்று போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவை நல்ல ஊர்கள்தான். ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் ஜெர்மனியில் ஒரே ஒரு பழைய ஆற்றங்கரை ஊரைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் ஸாலே ஆற்றின் கரையில் இருக்கும் ஹாலேயைத்தான் சொல்வேன். தரங்கம்பாடியிலிருந்து போன ஓலைச்சுவடிகள் 300 ஆண்டுகளாக இங்கே பத்திரமாக இருக்கின்றன. நம் ஊரில் அச்சான முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கு எழுத்து வார்த்ததும் இந்த ஊர்தான். இசையமைப்பாளர் ஹெண்டல் பிறந்ததும் இங்கேதான்.

சரி, போவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஊர் பெயரைச் சரியாகத் தட்டுங்கள்

ரயில் டிக்கெட் எடுக்கும்போது வெறும் 'ஹாலே' என்று தேடினால் இரண்டு மூன்று ஊர்கள் வரும். வெஸ்ட்ஃபாலியாவில் ஒரு ஹாலே இருக்கிறது, பெல்ஜியத்தில் ஒன்று இருக்கிறது. நமக்கு வேண்டியது 'ஹாலே (ஸாலே) ஹவுப்ட்பான்ஹோஃப்', அதாவது ஹாலேயின் முதன்மை ரயில் நிலையம். அடைப்புக்குறிக்குள் ஆற்றின் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஊர்க்காரர்கள் பெயரை 'ஹல்ல' என்பதுபோலச் சுருக்கமாகச் சொல்வார்கள். வழி கேட்கும்போது அப்படிச் சொன்னால் சட்டென்று புரியும்.

பெர்லினிலிருந்து அதிவேக ஐ.சி.இ. ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். மியூனிக்கிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். லைப்ஸிக்கில் தங்கியிருந்தால் இன்னும் எளிது, புறநகர் ரயில் அடிக்கடி உண்டு. லைப்ஸிக்/ஹாலே விமான நிலையம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. ஐ.சி.இ. டிக்கெட்டைப் பல வாரம் முன்பே எடுத்தால் விலை பாதிக்கும் கீழே போகும். கடைசி நாளில் எடுத்தால் கை சுடும். ஜெர்மனியில் மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் 'டாய்ச்லாண்ட்டிக்கெட்' வைத்திருப்பீர்கள். அது வட்டார ரயில், புறநகர் ரயில், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும், ஐ.சி.இ.க்குச் செல்லாது. ஊரிலிருந்து வரும் உறவினருக்காக அதை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சந்தா. அந்த மாதத்தோடு நிறுத்த வேண்டுமானால் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஆற்றில் படகு ஓடும், கோட்டையும் திறந்திருக்கும். ஜூனில் ஹெண்டல் இசைவிழா நடக்கும். அந்த நாள்களில் தங்கும் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். டிசம்பரில் சந்தைச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் கடைகள் வரிசையாக நிற்கும், பார்க்க அழகுதான். ஆனால் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

கிழமைதான் முக்கியம். நான் முதல்முறை போனது ஒரு திங்கட்கிழமை. ரயிலை விட்டு இறங்கி நேரே ஓலைச்சுவடி பார்க்கலாம் என்று போனேன், கதவு சாத்தியிருந்தது. ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பது எனக்கு அப்போது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ஆனால் அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும். அதனால் சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மாலையே தண்ணீர், பழம், ரொட்டி வாங்கி வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

இறங்கியதும்

பெட்டியை ரயில் நிலையத்து லாக்கரிலோ தங்குமிடத்திலோ வைத்துவிடுங்கள். பழைய ஊர்ப் பகுதி முழுக்கக் கருங்கல் பாவிய தெருக்கள், சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் தோள் வலிக்கும்.

நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்கு நடந்தே போகலாம், கால் மணி நேரம்தான். லைப்ஸிகர் தெரு வழியாகப் போனால் பழைய மதில் காவலில் மிஞ்சிய லைப்ஸிகர் கோபுரத்தைக் கடப்பீர்கள். கால் வலி உள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப்போனால் டிராம் எடுங்கள். டிக்கெட் எடுத்தால் மட்டும் போதாது. நேரம் அச்சாகாத டிக்கெட் என்றால் வண்டிக்குள் இருக்கும் சிறு பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். "தெரியாது" என்று சொன்னால் கேட்க மாட்டார்கள்.

முதல் நாள் காலை: ஃபிராங்கே வளாகம்

இதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சந்தைச் சதுக்கத்திலிருந்து தெற்கே நடந்தால் ஃபிராங்கேபிளாட்ஸ் வரும். பக்கத்தில் கிழக்கு ஜெர்மனி காலத்தில் கட்டிய ஒரு மேம்பாலச் சாலை இரைந்துகொண்டு போகும். அதைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் ஊர்ச் சத்தம் அடங்கிவிடும்.

1695-இல் இங்கே பாதிரியாராக இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கேயின் உண்டியலில் யாரோ ஒருவர் 4 தாலரும் 16 குரோஷனும் போட்டிருந்தார். இது நல்ல முதல், இதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்குவேன் என்றார் ஃபிராங்கே. 1698-இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். பிறகு பள்ளிகள், அச்சகம், மருந்தகம், நூலகம் என்று வளர்ந்து ஒரு தனி ஊரே ஆகிவிட்டது. முகப்பின் உச்சியில் இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறக்கும் சிற்பம் இருக்கும், நிமிர்ந்து பார்க்க மறக்காதீர்கள். பின்னால் முற்றத்தின் ஓரமாக நீண்டு நிற்கும் ஆறு மாடி மரச்சட்டக் கட்டடம், அந்த வகையில் ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. கிழக்கு ஜெர்மனி காலத்தில் இந்த வளாகம் சிதிலமடைந்து இடியும் நிலைக்கு வந்துவிட்டது. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு 1990-களில்தான் ஒவ்வொரு கட்டடமாகத் தூக்கி நிறுத்தினார்கள்.

அநாதை இல்லக் கட்டடத்தில் டிக்கெட் எடுத்துக்கொண்டு நேரே மேலே ஏறுங்கள். கூரைக்கு அடியில்தான் 'வுண்டர்காமர்' இருக்கிறது. உலகத்து விந்தைப் பொருள்களைச் சேர்த்து வைத்த அறை. உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்கும். 1741 வாக்கில் கிரூண்ட்லர் என்ற ஓவியர் வண்ணம் தீட்டி ஒழுங்குபடுத்திய அலமாரிகள் சுற்றிலும் நிற்கும். சிப்பிகள், கற்கள், செருப்புகள், எழுத்துப் பொருள்கள் என ஏறத்தாழ 3,000 பொருள்கள். பிள்ளைகள் உலகத்தைக் கண்ணால் பார்த்துக் கற்கட்டும் என்று சேர்த்தவை.

இங்கே ஒரு விஷயம் தெரியாவிட்டால் நீங்கள் தேடிவந்ததைக் கடந்தே போய்விடுவீர்கள். விளக்க அட்டைகளில் 'தமிழ்' என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். அந்தக் காலத்து ஜெர்மானியர்கள் தமிழரை 'மலபார்காரர்' என்றும், தமிழை 'மலபாரிஷ்' அல்லது 'டமூலிஷ்' என்றும் எழுதினார்கள். தரங்கம்பாடி 'டிராங்கேபார்' ஆனது. இந்தச் சொற்களில் ஒன்றைக் கண்டால் நின்று பாருங்கள், அது பெரும்பாலும் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனதாக இருக்கும்.

ஓலையைப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். முதலில் ஒரே கோடுகளாகத் தெரியும், ஒரு எழுத்துகூடப் பிடிபடாது. காரணம் இருக்கிறது. ஓலையில் புள்ளி வைத்தால் நார் கிழியும் என்று புள்ளி வைக்க மாட்டார்கள், அதனால் 'க'வும் 'க்'கும் ஒன்றுபோலவே இருக்கும். எகர ஏகார வேறுபாடும் தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றாகத் தோன்றும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. கண்ணாடியை ஒட்டிக் குனிந்து, இரண்டு விரல் அகல ஓலையில் ஒரே ஒரு வரியை இடமிருந்து மெல்ல எழுத்துக் கூட்டுங்கள். எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. முதலில் ஒரு 'ம' தெரிந்தது, அப்புறம் ஒரு 'ன', அப்புறம் ஒரு முழுச் சொல். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் முதலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் அந்த ஓலையைப் படிக்கத் தெரிந்தவன் அப்போது நான் ஒருவன்தான் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

இவை எப்படி இங்கே வந்தன? ஹாலேயில் படித்த பார்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் மன்னர் அனுப்பி, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் கற்று, சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்து, 1708-இல் அவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். ஃபிராங்கே இங்கிருந்து ஆளும் பணமும் அனுப்பினார், ஹாலேயில் தமிழ் எழுத்துகளை வார்த்துக் கப்பலேற்றினார். 1713-இல் தரங்கம்பாடியில் அந்த எழுத்துகளை வைத்து அச்சு வேலை தொடங்கியது. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் மளமளவென்று தீர்ந்தது. அதனால் பக்கத்துப் பொறையாற்றில் சிறிய எழுத்து வார்த்துக்கொண்டு, 1715-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அதற்கு முன்பே 1578-இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாகியிருக்கிறது, ஆகவே இதுதான் முதல் தமிழ் அச்சு என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். சீகன்பால்கு ஐரோப்பா வந்தபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் வந்தார். 1716-இல் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் ஹாலேயிலேயே லத்தீனில் அச்சானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு பெரிய நூல் ஒன்றை 1713-இல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். மதம் மாற்றத்தான் அனுப்பினோம், இதை அச்சிட அல்ல என்று ஃபிராங்கே அதை ஒதுக்கிவிட்டார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867-இல்தான் சென்னையில் அது அச்சேறியது. ஃபிராங்கேயின் அறச்செயலை வியந்தபடி வளாகத்தைச் சுற்றும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுவடிகளைச் சேர்த்தவரும் மதம் பரப்ப வந்தவர்தான். ஆனாலும் அவர் சேர்த்ததால்தான் அவை இன்று நம் கண்ணில் படுகின்றன.

அதே வளாகத்தில் 1728-இல் கட்டி முடித்த நூலகத்தையும் பாருங்கள். புத்தக அலமாரிகள் நாடக மேடையின் பக்கத்திரைகள்போல இரு புறமும் வரிசையாக நிற்கும். ஆவணக் காப்பகத்தில் இருக்கும் சுவடிகளைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டும் என்றால் அது ஆய்வாளர்களுக்கான வழி. என்ன தேடுகிறீர்கள் என்று சில வாரம் முன்பே மின்னஞ்சல் எழுதுங்கள், திடீரென்று போய் நின்றால் நடக்காது. கிளம்பும் முன் கூரை மேல்தளத்துக்கு ஏறி ஊரை ஒரு சுற்றுப் பாருங்கள். மதியம் போக வேண்டிய ஐந்து கோபுரங்களும் அங்கிருந்து தெரியும்.

முதல் நாள் மதியம்: சந்தைச் சதுக்கம்

ஐந்து கோபுரங்களில் நான்கு சந்தை மாதாகோயிலுடையவை. இரண்டு பழைய கோயில்களின் கோபுரங்களை மட்டும் விட்டுவிட்டு, நடுவில் 1529 முதல் புதுக்கோயில் கட்டி இணைத்தார்கள். ஒரு ஜோடிக் கோபுரங்களுக்கு இடையே உயரத்தில் ஒரு சின்னப் பாலம் தெரியும். தீ பற்றினால் மணியடிக்க அங்கேயே குடியிருந்த காவல்காரருக்கானது அது. வழிகாட்டியோடு ஏறலாம். ஐந்தாவது, தனியே நிற்கும் சிவப்புக் கோபுரம். 84 மீட்டர் உயரம், உள்ளே 76 மணிகள் கொண்ட மணியிசைக் கருவி.

கோயிலுக்குள் இரண்டு பொருள்களைத் தவறவிடாதீர்கள். 1546-இல் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் உடலை விட்டன்பெர்க்குக்குக் கொண்டுபோகும் வழியில் இங்கே ஓர் இரவு வைத்திருந்தார்கள். அப்போது எடுத்ததாகச் சொல்லப்படும் முக அச்சும் கை அச்சும் இங்கே இருக்கின்றன. இன்னொன்று பீடத்துக்கு மேலே இருக்கும் சின்ன ஆர்கன் இசைக்கருவி. சிறுவன் ஹெண்டல் தன் ஆசிரியர் ஸாகோவிடம் ஆர்கன் கற்றது இந்தக் கோயிலில்தான். அவர் 1685-இல் பிறந்த வீடு ஐந்து நிமிட நடையில் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். இசையில் ஆர்வம் இருந்தால் இரண்டு மணி நேரம் இருங்கள். இல்லாவிட்டால் சதுக்கத்தில் நிற்கும் சிலையைப் பார்த்தாலே போதும்.

கோயிலுக்குப் பின்புறம் படியிறங்கினால் ஹால்மார்க்ட். இந்த ஊர் பிழைத்ததே இந்தப் பள்ளத்தில் இருந்த உவர்நீர்க் கிணறுகளால்தான். நம் உப்பளங்களில் வெயில் செய்யும் வேலையை இங்கே நெருப்பு செய்தது. கிணற்று நீரைத் தொட்டிகளில் ஊற்றிக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். காய்ச்சியவர்களுக்கு 'ஹலோரன்' என்று பெயர், அவர்களுடைய சங்கம் இன்றும் இருக்கிறது. அவர்களுடைய உடுப்பில் உருண்டை உருண்டையாக வெள்ளிப் பொத்தான்கள் இருக்கும். அந்தப் பொத்தான் வடிவில் செய்ததுதான் ஹலோரன் சாக்லேட் உருண்டை. கடித்துப் பார்த்தால் பாதி வெள்ளை, பாதி பழுப்பு. 1804-இல் தொடங்கிய சாக்லேட் தொழிற்சாலை அது. ஊருக்கு வாங்கிப்போக இதைவிட நல்ல பொருள் இல்லை, வெயில் காலத்தில் மட்டும் பெட்டிக்குள் உருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலை: நெப்ரா வான்தட்டு

டிராம் நிறுத்தத்தின் பெயரே 'லாண்டஸ்மூசியம்'. தொல்லியல் அருங்காட்சியகம். இருட்டறை ஒன்றில், கண்ணாடிக்குள், ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வெண்கலத் தட்டு. குறுக்களவு 32 செ.மீ., எடை ஏறத்தாழ 2 கிலோ. பச்சை ஏறிய பின்னணியில் தங்கத் தகட்டால் ஒரு முழு வட்டம், ஒரு பிறை, சிதறிய விண்மீன்கள். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைத்தது. 1999-இல் நெப்ரா என்ற ஊருக்கு அருகே திருட்டுத்தனமாகப் புதையல் தேடியவர்கள் தோண்டி எடுத்து விற்றார்கள். 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் போலீஸ் பொறிவைத்து மீட்டது.

வட்டத்துக்கும் பிறைக்கும் நடுவில் ஏழு புள்ளிகள் நெருக்கமாக ஒரு கொத்தாக இருப்பதைத் தேடுங்கள். அது கார்த்திகை நட்சத்திரம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் முன்னோர் 'அறுமீன்' என்று ஆறாக எண்ணியதை இவர்கள் ஏழாகப் பதித்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால், "கார்த்திகை எங்கே?" என்று கேட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் மதியம்: ஆற்றுக்கு

கிரோல்விட்ஸ் பக்கம் போகும் டிராமில் ஏறி, 'புர்க் கீபிஷென்ஷ்டைன்' நிறுத்தத்தில் இறங்குங்கள். பாறைமேல் இடிந்த கோட்டை, கீழே ஸாலே. இங்கே சிறைப்பட்டிருந்த லுட்விக் என்ற பிரபு கோட்டையிலிருந்து ஆற்றில் குதித்துத் தப்பினார் என்று கதை சொல்வார்கள். கோட்டைக்கும் ஆற்றுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று மேலே நின்று பார்த்தால், அது கதைதான் என்று புரியும். கீழ்க்கோட்டையில் கலைக் கல்லூரி நடக்கிறது. கோடையில் கரையோரப் படகுத்துறையிலிருந்து படகுகள் போகும். ஒரு மணி நேரச் சவாரி போதும், பாறைகளும் வில்லோ மரங்களும் இரு பக்கமும் வரும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பைஸ்னிட்ஸ் தீவுக்குப் போங்கள். அங்கே குட்டி ரயில் ஓடுகிறது, புல்வெளியில் கட்டுச்சோறு விரித்துச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சாப்பாடும் சில்லறையும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'வெகெடாரிஷ்' என்று மட்டும் சொல்லாமல், 'ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ்' (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள், மீனையும் விட்டுவிடுவார்கள். கொண்டைக்கடலை வடை போன்ற ஃபலாஃபல் விற்கும் கடைகள் நிறைய உண்டு. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைப் பேரங்காடியில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும், சின்னக் கடைகளில் கார்டு எடுக்காமல் போகலாம். வயதானவர்கள் பலர் பள்ளியில் ஆங்கிலத்துக்குப் பதிலாக ரஷ்யன் படித்தவர்கள். அவர்களிடம் வழி கேட்டால் போனில் வரைபடத்தைக் காட்டுங்கள், கூடவே நடந்து வந்து காட்டுகிறவர்கள் உண்டு.

அரை நாள்தான் இருக்கிறது என்றால்

பெர்லினுக்குப் போகும் வழியில் நான்கு மணி நேரம் கிடைத்தால், சாக்லேட், ஹெண்டல், கோட்டை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். நிலையத்தில் பெட்டியை வைத்துவிட்டு நேரே ஃபிராங்கே வளாகத்தின் கூரை அறைக்கு ஏறுங்கள். அதற்கு முந்தின நாள் இரவு, இணையத்தில் ஏதாவது ஒரு தமிழ் ஓலைச்சுவடியின் படத்தைத் திறந்து, புள்ளியில்லாத எழுத்தைக் கொஞ்ச நேரம் படித்துப் பழகிக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் நிற்கும்போது ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு வரியே பிடிபடும்.